பழைய நெகடிவும் புதிய ஸ்கேனரும்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் வசிக்கும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். மூடியைத் திறந்ததும் புளித்த காடியின் வாடை மூக்கைத் துளைத்தது. உள்ளே மூன்று மூன்று படங்களாக வெட்டப்பட்ட நான்கு நெகடிவ் துண்டுகள் இருந்தன. அவளுடைய தாத்தா 1974ஆம் ஆண்டில் கிளிக் த்ரீ என்ற எளிய கேமராவில் எடுத்தவை அவை. இரண்டாவது துண்டின் நடுவில் ஓர் இளைஞன் சுவரோரம் நிற்கிறான். பாட்டியின் அண்ணன். மறு ஆண்டே நோயில் இறந்துவிட்டாராம். அச்சிட்டு மாட்டியிருந்த ஒரே படத்தைக் கரையான் தின்றுவிட்டது. "அண்ணன் முகம் எனக்கே மறந்துக்கிட்டு வருது" என்று பாட்டி சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

பெண் சும்மா இருக்கவில்லை. வீட்டில் அச்சுப்பொறியோடு சேர்ந்து வந்த ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடியில் நெகடிவை வைத்து மூடியைச் சாத்தி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். கிடைத்தது ஒரு கறுப்புச் சதுரம். "ஏன் சார் கறுப்பா வருது?" என்பதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நல்ல கேள்வி. மாணவ நண்பர்களே, அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் ஒளியியலில் பாதியைப் படித்துவிடலாம். வாருங்கள், நாமும் போய்ப் பார்ப்போம்.

ஒளி இருமுறை கடந்தால்

நெகடிவ் என்றால் என்ன என்பதை முதலில் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். பிலிமின் ஒரு பக்கத்தில் ஜெலட்டின் என்ற புரதப் படலம் பூசப்பட்டிருக்கும். அதில் வெள்ளி உப்பின் நுண்துகள்கள் சிதறிக் கிடக்கும். ஒளி பட்ட துகள்கள், உருத்துலக்கும் கரைசலில் இட்டதும் உலோக வெள்ளியாக மாறிவிடுகின்றன. பொடியான வெள்ளி பளபளக்காது, கறுப்பாகத் தெரியும். ஒளி படாத துகள்களை 'ஹைப்போ' கரைத்து எடுத்துவிடும். ஆகவே வெளிச்சமாக இருந்த வானம் நெகடிவில் கறுப்பு. கருந்தலைமயிர் அங்கே வெறும் கண்ணாடி போன்ற பிலிம்.

(அந்தச் சுருளின் ஓரத்தில் 'இந்து' என்ற பெயர் இருந்தது. இந்து என்றால் நிலவு. 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் பிலிம் அது. தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது, அதன் வெள்ளித் துகள்கள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இருக்கின்றன.)

சாதாரண ஸ்கேனர் காகிதத்தைப் படிக்கவென்று செய்யப்பட்டது. விளக்கு கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. ஒளி மேலே போய்க் காகிதத்தில் பட்டு எதிரொளித்துக் கீழே திரும்புகிறது. காகிதம் இருக்கும் இடத்தில் நெகடிவை வைத்தால் என்ன ஆகும்? ஒளி பிலிமைக் கடந்து மேலே போகும். மூடியின் வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும். மீண்டும் அதே பிலிமைக் கடக்கும். இருமுறை கடக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிலிமின் ஓரிடம் பத்தில் ஒரு பங்கு ஒளியை விடுமானால், போய்வந்த பிறகு மிஞ்சுவது பத்தில் ஒன்றின் பத்தில் ஒன்று, அதாவது நூறில் ஒரு பங்கு. நூறில் ஒரு பங்கு விடும் கறுத்த இடத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் திரும்பிவரும். ஸ்கேனரின் கண்ணுக்கு அது இருட்டு. பெண்ணுக்குக் கிடைத்த கறுப்புச் சதுரத்தின் காரணம் இதுதான்.

இதற்கு மாற்று, விளக்கை மேலே கொண்டுபோவது. மூடிக்குள்ளேயே ஒரு விளக்கு பொருத்திய ஸ்கேனர்கள் உண்டு. பிலிம் படிக்கும்போது கீழ்விளக்கு அணைந்து மேல்விளக்கு எரியும். ஒளி ஒரே முறை பிலிமைக் கடந்து உணர்விக்குப் போகும். எங்கள் துறையில் அப்படி ஒன்று பழையது இருக்கிறது. மறுநாள் டப்பாவோடு அங்கே வரச்சொன்னேன்.

சட்டி கைமாறுகிறது

ஸ்கேனரின் உள்ளே என்ன நடக்கிறது? விளக்கும் கண்ணாடிகளும் ஒரு சிறு வண்டியில் ஏறி மெல்ல நகர்கின்றன. எந்த நேரத்திலும் ஸ்கேனர் பார்ப்பது படத்தின் ஒரு மெல்லிய வரியை மட்டுமே. அந்த வரியின் பிம்பத்தை ஒரு லென்ஸ் சுருக்கி, சி.சி.டி. என்ற சிலிக்கான் சில்லின்மீது விழச் செய்கிறது. அதில் ஆயிரக்கணக்கான நுண்ணறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒளியின் ஃபோட்டான் ஒன்று சிலிக்கானில் மோதும்போது ஓர் எலக்ட்ரானை விடுவிக்கிறது. வெளிச்சம் மிகுந்த இடத்து அறையில் எலக்ட்ரான்கள் நிறையச் சேரும். இருண்ட இடத்து அறையில் குறைவாகச் சேரும்.

சேர்ந்ததை எண்ணுவது எப்படி? வீட்டுக்குத் தளம் போடும் நாளில் சாந்துச் சட்டி கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள சட்டியை அடுத்தவரிடம் தந்துவிட்டு முந்தையவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறார். சி.சி.டி.யிலும் அப்படியே. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஒவ்வோர் அறையின் மின்னூட்டமும் அடுத்த அறைக்குத் தள்ளப்படுகிறது. வரிசையின் கடைசியில் ஒரே ஓர் அளவி நின்றுகொண்டு, வரும் சட்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்து எண்ணாக மாற்றுகிறது. இந்தக் கருவியை 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் வகுத்தனர். 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி அவர்களுக்குக் கிடைத்தது.

வண்ணத்துக்கு மூன்று வரிசைகள்: ஒன்றின்மீது சிவப்பு வடிகட்டி, மற்றதன்மீது பச்சை, மூன்றாவதன்மீது நீலம்.

ஆனால் வீடுகளில் இன்று காணும் மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலானவை வேறு வகை. அவற்றில் லென்ஸும் கண்ணாடிகளும் கொண்ட நீண்ட ஒளிப்பாதை கிடையாது. கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, பக்கத்தின் முழு அகலத்துக்கும் உணர்விகள் நெருங்கி நிற்கும். விலை குறைவு, ஆனால் கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும் காகிதம் மட்டுமே தெளிவாகத் தெரியும். இரண்டு மி.மீ. உயர்த்தினாலே படம் மங்கிவிடும். உங்கள் விரலைக் கண்ணாடியில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தொட்ட இடம் மட்டும் தெளிவாக இருந்து, சதை வளைந்து மேலேறும் இடமெல்லாம் கலங்கினால் அது இந்த வகை. காகிதப் படங்களுக்கு அது போதும். பிலிமுக்கு ஆகாது.

உலகில் முதன்முதலாகக் கணிப்பொறிக்குள் புகுந்த படம் எது தெரியுமா? 1957இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர், சுழலும் உருளையில் ஒரு படத்தைச் சுற்றி, வரிவரியாக ஒளிமின் கருவியால் படித்தார். பக்கத்துக்கு 176 புள்ளிகள், மொத்தம் 30,976. படத்தில் இருந்தது அவருடைய மூன்று மாதக் கைக்குழந்தை. ஸ்கேனரின் வரலாறே ஒரு வீட்டுப் படத்தில் தொடங்குகிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

எத்தனை புள்ளிகள் வேண்டும்?

ஸ்கேனர் பெட்டிகளில் பெரிய பெரிய எண்களை அச்சிட்டிருப்பார்கள். அங்குலத்துக்கு 9600 புள்ளிகள் என்பார்கள். அந்தப் புள்ளிகளில் பலவற்றை உணர்வி பார்க்கவே பார்க்காது. இரு புள்ளிகளுக்கு இடையே மென்பொருள் தானாக இட்டு நிரப்புவது அது. 'ஒளியியல் பகுதிறன்' என்று தனியே போட்டிருக்கும் சிறிய எண்ணை மட்டும் நம்புங்கள்.

நமக்குத் தேவையானதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். பிலிமில் மிக நுண்ணிய கோடுகள் படமாகியிருப்பதாகக் கொள்வோம். ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தால் ஓர் இணை. ஓர் இணையைக் காட்டக் குறைந்தது இரண்டு புள்ளிகள் வேண்டும். ஒரே புள்ளியானால் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகிவிடும். நல்ல லென்ஸ் உள்ள கேமரா 35 மி.மீ. பிலிமில் ஒரு மி.மீ.க்கு 50 இணைகளைப் பதித்திருந்தால் 100 புள்ளிகள் தேவை. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆதலால் அங்குலத்துக்கு 2540. சுமார் 2400 என்று வைத்தாலே 24 × 36 மி.மீ. அளவுள்ள சட்டம் 2268 × 3402 புள்ளிகளாக, அதாவது ஏறத்தாழ 77 இலட்சம் புள்ளிகளாக மாறும். அதே சட்டத்தைக் காகிதத்துக்கு வழக்கமாக வைக்கும் 300இல் படித்தால் 283 × 425 புள்ளிகள்தாம். அஞ்சல்தலைக்கு மேல் பெரிதாக்க முடியாது.

கிளிக் த்ரீயின் கதை வேறு. அதன் பிலிம் பெரியது; படம் 56 மி.மீ. சதுரம். லென்ஸ் எளியது. மி.மீ.க்கு 20 இணைகள் என்று வைத்துக்கொண்டால் 40 புள்ளிகள், அங்குலத்துக்கு 1016. ஆகவே 1200 போதும் என்றேன். பெண் நம்பவில்லை. 2400இலும் ஒருமுறை படித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கோப்பு நான்கு மடங்கு பெருத்தது. சட்டைப் பொத்தான் மட்டும் முன்பு தெரிந்த அளவே தெரிந்தது. நம்பாமல் சோதித்தது சரியான செயல் என்று நான் பாராட்டினேன்.

புள்ளிகளின் எண்ணிக்கையைப் போலவே ஒவ்வொரு புள்ளியின் ஆழமும் முக்கியம். பிலிமின் கறுப்பை 'ஒளியடர்த்தி' என்ற அளவால் குறிப்போம். பத்தில் ஒரு பங்கு ஒளியை விட்டால் அடர்த்தி 1. நூறில் ஒரு பங்கு என்றால் 2. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 3. மடக்கை படித்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். பிலிம்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அடர்த்திகளை வெறுமனே கூட்டிக்கொள்ளலாம் என்பது இதன் வசதி. நெகடிவில் அடர்த்தி 2ஐத் தாண்டிக் கொஞ்சம் போகும். சுவரில் ஒளிவீசிக் காட்டும் ஸ்லைடுகளிலோ 3ஐத் தாண்டும். சாதாரணப் படக்கோப்பு ஒரு வண்ணத்துக்கு 256 படிகளே வைத்திருக்கிறது. உணர்வி அளந்த ஒளியை அப்படியே 256 படிகளாக வெட்டினால், ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி வரும் நிழற்பகுதி முழுதும் முதற்படிக்குள்ளேயே புதைந்துபோகும். ஆகையால் ஸ்கேனரில் '16 பிட்' என்ற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 65,536 படிகள் கிடைக்கும்.

முகத்தின்மீது நியூட்டன்

முதற்படம் திரையில் வந்தது. முகம் தெரிந்தது. பெண் மகிழ்ச்சியோடு பெரிதாக்கினாள். கன்னத்தின்மீது மர வைரம் போல் வளையம் வளையமாகக் கோடுகள்! பிலிம் கெட்டுவிட்டதோ என்று பதறினாள். நான் சிரித்துவிட்டேன். கல்லூரியில் இயற்பியல் படித்த எவரும் அந்த வளையங்களை மறக்கமாட்டார்கள். சோடியம் விளக்கின் முன் உட்கார்ந்து, நகரும் நுண்ணோக்கியில் ஒவ்வொரு வளையமாக எண்ணி, இடையில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து தொடங்கிய பிற்பகல்கள் எத்தனை! அவை நியூட்டன் வளையங்கள்.

பிலிம் சற்று வளைந்திருந்தது. கண்ணாடியை ஓரிடத்தில் தொட்டுக்கொண்டு, மற்ற இடங்களில் மிக மெல்லிய காற்றிடைவெளி விட்டு அது கிடந்தது. பிலிமைக் கடந்துவரும் ஒளியில் ஒரு பகுதி நேரே போகிறது. இன்னொரு பகுதி, கண்ணாடியில் எதிரொளித்து, மீண்டும் பிலிமின் அடிப்பரப்பில் எதிரொளித்துப் பிறகு போகிறது. இரண்டாவது கூடுதலாகக் கடந்த தொலைவு இடைவெளியின் இருமடங்கு. இந்த வேறுபாடு முழு அலைநீளங்களாக இருக்கும் இடத்தில் இரு அலைகளும் முகட்டோடு முகடு சேரும், வெளிச்சம் மிகும். அரை அலைநீளம் மிகுந்தால் முகடும் பள்ளமும் சந்திக்கும்; வெளிச்சம் குறையும். ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்குப் போனால் இடைவெளி அரை அலைநீளம் மாறியிருக்கிறது என்று பொருள். பச்சை ஒளிக்கு அது சுமார் 0.000275 மி.மீ. தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ இருநூற்றைம்பதில் ஒரு பங்கு! அவ்வளவு நுண்மையான அளவுகோல் ஒன்று இளைஞனின் கன்னத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வேடிக்கை என்னவென்றால், இந்த வளையங்களை அளந்து 1704இல் 'ஆப்டிக்ஸ்' நூலில் வெளியிட்ட நியூட்டன், ஒளி துகள்களால் ஆனது என்று கருதியவர். அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் இவை தோன்றுகின்றன என்று விளக்கியவர் ஒரு நூற்றாண்டு கழித்து வந்த தாமஸ் யங்.

போக்குவது எப்படி? காரணம் தெரிந்துவிட்டதால் வழியும் தெரிகிறது. இடைவெளி மிக மெல்லியதாக இருக்கும்வரைதான் வளையங்கள் தெளிவாக இருக்கும். வெள்ளொளியில் பல அலைநீளங்கள் கலந்திருப்பதால், இடைவெளி பெருத்தால் ஒவ்வொன்றின் வளையமும் மற்றதை அழித்துவிடும். ஆகவே பிலிமைக் கண்ணாடியில் படாமல் ஒரு மி.மீ. அளவு உயர்த்தி ஒரு சட்டத்தில் பிடித்தால் போதும். கறுப்பு அட்டையில் 54 மி.மீ. சதுர ஓட்டை வெட்டி நாங்களே சட்டம் செய்தோம். மற்றொரு வழியும் உண்டு. பிலிமின் முதுகுப்பக்கம் பளபளப்பானது. வெள்ளி பூசிய பக்கம் சற்றுச் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். மங்கலான பக்கத்தைக் கீழே வைத்தால் சொரசொரப்பில் இடைவெளி இடத்துக்கு இடம் மாறி வளையம் உருவாகாது. நாங்கள் இரண்டையும் செய்தோம். வளையம் போயிற்று. அதில் ஒரு பிழையும் கூடவே நுழைந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தண்ணீரைக் கொண்டுபோகாதீர்கள்

பிலிமில் ஓரிரு இடங்களில் வெள்ளை நூல் போன்ற பூசணம் இருந்தது. பெண் கைக்குட்டையை நனைக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏனென்றால் பத்து ஆண்டுகளுக்கு முன் நான் அதைத்தான் செய்தேன். என் அம்மா திருமணத்துக்கு முன் தோழிகளோடு நிற்கும் நெகடிவ், அதில் பூசணம். ஈரப்பஞ்சால் மெல்ல ஒருமுறை துடைத்தேன். பூசணம் வந்தது, அதனோடு சேர்ந்து அம்மாவின் முகமும் பஞ்சில் வந்துவிட்டது. கையில் மிஞ்சியது வெறும் பிலிம். இயற்பியல் முதுகலைப் பட்டம் அன்று எனக்குத் துணைசெய்யவில்லை, தெரியாமற்போனது உயிரியல். ஜெலட்டின் ஒரு புரதம். பூசணத்துக்கு அது உணவு. பூசணம் சுரக்கும் நொதிகள் அதைச் சிதைத்து, நீரில் கரையக்கூடியதாக மாற்றிவிடுகின்றன. துளி ஈரம் பட்டாலே படம் கரைந்து வழியும். உலர்ந்த மெல்லிய தூரிகையாலும் காற்றூதும் ரப்பர் பந்தாலும் தூசியை மட்டும் நீக்குங்கள். மற்றதைப் படியெடுத்த பிறகு கணிப்பொறியில் சரிசெய்யலாம்.

டப்பாவிலிருந்து வந்த காடி வாடைக்கும் காரணம் சொல்லவேண்டும். பிலிமின் உடல் செல்லுலோஸ் அசெட்டேட் என்ற பொருள். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் நீர் அதைத் தாக்கி அசெட்டிக் அமிலத்தைப் பிரித்தெடுக்கிறது. காடியில் இருப்பதும் அந்த அமிலமே. பிரிந்த அமிலமே அடுத்த சிதைவை விரைவுபடுத்துகிறது; ஆகவே தொடங்கிவிட்டால் நாளுக்கு நாள் வேகம் கூடும். பிலிம் சுருங்கும், சுருளும், மேற்படலம் மடிப்பு மடிப்பாகக் கிளம்பும். இறுக மூடிய தகர டப்பா இங்கே எதிரி. ஆவியை வெளியே விடாமல் பிலிமைச் சுற்றியே வைத்திருக்கிறது. வாடை வரும் பிலிமைக் காகித உறையில் இட்டு, நல்ல பிலிம்களிலிருந்து பிரித்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். வாடை வந்துவிட்டால் ஸ்கேன் செய்வதை அடுத்த விடுமுறைக்குத் தள்ளாதீர்கள்.

1950களின் தொடக்கத்துக்கு முந்தைய பிலிமானால் அது நைட்ரேட் பிலிமாகவும் இருக்கலாம். எளிதில் தீப்பற்றக்கூடியது. அதை நீங்களாகக் கையாளவேண்டாம், பெரியவர்களிடம் காட்டுங்கள். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருந்தால் அந்த அச்சம் இல்லை.

கழிப்பதா, வகுப்பதா?

கிடைத்த எண்களைத் தலைகீழாக்கினால் நெகடிவ் படமாகிவிடும். எப்படித் தலைகீழாக்குவது? 255இலிருந்து கழித்தால் போதும் என்று பெண் சொன்னாள். பல மென்பொருள்களில் 'தலைகீழாக்கு' என்ற பொத்தான் செய்வது அதுவே. ஒரு சிறு கணக்குப் போடுவோம். பிலிமின் மூன்று இடங்களிலிருந்து வந்த ஒளி 200, 100, 50 என்று இருக்கட்டும். எளிமைக்காக, காட்சியில் வெளிச்சம் இரட்டித்தால் பிலிம் விடும் ஒளி பாதியாகும் என்று கொள்வோம். அப்படியானால் காட்சியின் வெளிச்சங்கள் 1 : 2 : 4 என்ற விகிதத்தில் இருந்திருக்கவேண்டும். கழித்தால் 55, 155, 205 கிடைக்கிறது, விகிதம் தவறு. நடுப்பகுதி அளவுக்கு மீறி வெளுத்துவிட்டது. மாறாக 10,000ஐ ஒவ்வொன்றாலும் வகுத்துப் பாருங்கள்: 50, 100, 200. சரியாக 1 : 2 : 4!

மெய்யான பிலிமில் இரட்டித்தால் பாதி என்பது அவ்வளவு துல்லியமாக நிகழாது. விகிதம் சற்று மென்மையாக இருக்கும். ஆயினும் பிலிம் விகிதங்களில் பேசுகிறது, வேறுபாடுகளில் அன்று என்ற உண்மை மாறாது. கழித்துப் பெற்ற படம் வெளிறிப்போய் இருந்தால் மென்பொருளில் உள்ள வளைகோட்டை இழுத்துத் திருத்துங்கள்; நீங்கள் கையால் செய்வது இந்த வகுத்தலைத்தான்.

வண்ண நெகடிவானால் இன்னொரு தொல்லை. பிலிம் முழுதும் செம்மஞ்சளாக இருக்கும். அது அழுக்கு அன்று, வேண்டுமென்றே செய்தது. பிலிமின் சாயங்கள் குறையுடையவை. மயில்நீலச் சாயம் சிவப்பை மட்டும் உறிஞ்சவேண்டும். அது சிறிது பச்சையையும் நீலத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடுகிறது. கருஞ்சிவப்புச் சாயமும் அப்படியே, நீலத்தைத் தொட்டுவிடுகிறது. சாயம் உருவாகாத இடத்திலும் அதே அளவு உறிஞ்சும்படி ஒரு நிறத்தை வைத்துவிட்டால் தவறு எங்கும் ஒரே சீராகிவிடும். சீரான தவறைக் கழிப்பது எளிது. இதைவிட அழகான தந்திரம் வேதியியலில் குறைவு என்பேன். இரு சட்டங்களுக்கு இடையே ஒளி படாத வெற்றுப் பிலிம் இருக்கிறதல்லவா? அங்கே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சம எண்ணாகும்படி முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு தலைகீழாக்குங்கள்.

பழைய வண்ணக் காகிதப் படங்கள் சிவந்துபோவதையும் பார்த்திருப்பீர்கள். இருட்டில் வைத்திருந்தாலும் மயில்நீலச் சாயம் முதலில் அழிவதே காரணம். ஸ்கேன் செய்தபின் மூன்று வண்ணங்களையும் தனித்தனியே பாருங்கள்; சிவப்பு வரிசையில் ஏற்றத்தாழ்வு சுருங்கிப்போயிருக்கும். அதை மட்டும் இழுத்து விரித்தால் முகங்களுக்கு உயிர் திரும்பும். சாயம் முற்றும் போயிருந்தால் இழுக்கவும் ஒன்றும் இராது.

சில ஸ்கேனர்கள் நான்காவதாக அகச்சிவப்பு ஒளியிலும் ஒருமுறை படிக்கும். வண்ணச் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. தூசியும் கீறலும் தடுக்கும். ஆக, அந்தப் படிப்பில் குப்பை மட்டும் தெரியும். அதைப் பார்த்து மென்பொருள் தூசியை நீக்கிவிடும். கறுப்பு-வெள்ளைப் பிலிமில் இது செல்லாது. உலோக வெள்ளி அகச்சிவப்பையும் தடுப்பதால் படமே குப்பையாகக் கணக்காகும்!

ஸ்கேனர் இல்லையென்றால்

மேல்விளக்குள்ள ஸ்கேனர் எல்லோர் வீட்டிலும் இராது. கவலை வேண்டாம். ஒரு கைப்பேசியின் திரையில் வெறும் வெள்ளைப் படத்தை முழு வெளிச்சத்தில் வையுங்கள். அதற்கு நான்கு செ.மீ. மேலே, தீப்பெட்டிகளை அடுக்கி, நெகடிவைக் கறுப்பு அட்டைச் சட்டத்தில் கிடத்துங்கள். இன்னொரு கைப்பேசியால் நேர்மேலிருந்து படமெடுங்கள். நெகடிவைத் திரையின்மேல் அப்படியே வைத்தால் திரையின் நுண்புள்ளிகளும் படத்தில் விழும். உயர்த்தினால் அவை தெளிவிழந்து ஒரே வெண்மையாகிவிடும். இடையில் ஒரு தேசல் தாள் வைத்தால் இன்னும் நல்லது. அறை விளக்கை அணைக்க மறவாதீர்கள். ஸ்கேனரின் நுட்பம் இதில் வராது, முகம் வரும்.

படியெடுத்ததை முதலில் டிஃப் வகைக் கோப்பாகச் சேமியுங்கள். அது எந்த எண்ணையும் இழப்பதில்லை. ஜேபெக் வகை இடத்தை மிச்சப்படுத்தக் கண்ணுக்குத் தெரியாத நுண்விவரங்களை விட்டுவிடும்; உறவினருக்கு அனுப்ப அது போதும். இரண்டு வெவ்வேறு இடங்களில் படிகள் இருக்கட்டும். நெகடிவைத் தூக்கி எறியாதீர்கள்.

இனி அந்தப் பிழை. பாட்டியின் அண்ணன் படத்தைச் சரிசெய்து, நகரத்தில் ஒரு கடையில் உள்ளங்கை அளவுக்கு அச்சிட்டு எடுத்துப் போனோம். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "வாத்தியார் தம்பி, இது அண்ணன்தான். ஆனா மச்சம் வலது கன்னத்துலல்ல இருக்கணும்?" என்றார்.

பெண் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். சட்டைப் பை வலப்பக்கம் இருந்தது. பின்னாலிருந்த தினக்காலண்டரின் எண் கண்ணாடியில் தெரிவது போல் திரும்பியிருந்தது. மங்கலான பக்கத்தைக் கீழே வைத்தோமே, அப்போது ஸ்கேனர் பிலிமைப் பின்புறமாகப் பார்த்துவிட்டது. இடமும் வலமும் மாறிப்போயின. மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் திரும்பிவிடும். வளையங்களைப் போக்கிய களிப்பில் இருவருமே அதை மறந்திருந்தோம்.

அன்று மாலையே திருப்பி அச்சிட்டுக் கொண்டுவந்தாள். மச்சம் வலக்கன்னத்தில் இருந்தது. காலண்டர் 14 என்று காட்டிற்று. பாட்டி படத்தை மடியில் வைத்துக்கொண்டார். "மீதி பதினொண்ணையும் எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார்.